மவ்ருத்: பிளோவ்திவ் நகரில் குறைந்த விலைக்குக் கிடைத்த சிவப்பு ஒயின்

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் ஒரு கோடைக்காலத்தில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, தங்குமிடத்துக்கு அருகிலிருந்த பல்பொருள் அங்காடியில் ஏறத்தாழ 6 யூரோ மதிப்புள்ள விலைக்கு ஒரு புட்டி மவ்ருத் வாங்கினேன். திருகுமூடி போட்ட 750 மில்லிலிட்டர் புட்டி. சாராயச் செறிவு 13 சதவீதம். லேபிளில் திரேசியத் தாழ்நிலம் என்ற புவிசார் குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. அதே அடுக்கில், அதே விலையில் கபர்னே சொவிஞ்ஞோன், மெர்லோ என்ற வேறு திராட்சை வகைகளின் சிவப்பு ஒயின்களும் இருந்தன. அவற்றை எந்த ஊரிலும் வாங்கிவிடலாம் என்பதால், பல்கேரியாவின் சொந்தத் திராட்சையான மவ்ருத்தை எடுத்துக்கொண்டேன்.

பிளோவ்திவுக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அசெனொவ்கிராத் என்ற ஊர்தான் இந்தத் திராட்சைக்குப் பேர்போனது. மற்ற வகைகளின் அறுவடை முடிந்த பிறகும் கொடியிலேயே நின்று, அக்டோபர் மாத நடுவில்தான் இது பழுக்கிறது. அவ்வளவு வெயிலை வாங்கிய பிறகும் புளிப்பை இழக்காமல் இருப்பதே இதன் தனிச்சிறப்பு. விலை மலிவான சிவப்பு ஒயின்கள் பலவற்றில் இல்லாமற் போவதும் அந்தப் புளிப்புதான்.

முதல் குவளை ஏமாற்றம் தந்தது, அதற்குக் காரணம் ஒயின் அன்று. கடையில் குளிரூட்டாத அடுக்கில் நின்ற புட்டியைத் தங்குமிடத்துக்குக் கொண்டுவந்தவுடன் திறந்தேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற அறிவுரை குளிர்நாட்டு அறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. ஜூலை மாதத்துப் பிளோவ்திவில் அதைப் பின்பற்றினால் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும். புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, 16 அல்லது 17 டிகிரிக்கு இறக்கி, மறுபடி ஊற்றிய பிறகுதான் பழவாசனை எழுந்தது.

நிறம் அடர்ந்த மாணிக்கச் சிவப்பு. குவளையைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஊதா படர்ந்திருந்தது. முகரும்போது முசுக்கொட்டைப் பழமும் பிளம் பழமும் முன்வந்தன. சற்று நேரம் கழித்து மிளகின் காரநெடி மெலிதாகத் தெரிந்தது. ஓக் பீப்பாயின் வனிலா வாசனை சிறிதும் இல்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. வாயில் முதலில் பழச்சுவை, உடனே புளிப்பு, கடைசியில் நாவல்பழம் தின்றபின் நாக்கில் படிவது போன்ற துவர்ப்பு. வெறுமனே பருகினால் அந்தத் துவர்ப்பு ஈறுகளைப் பிடிக்கிறது. இதை உணவோடு மட்டுமே பரிந்துரைப்பேன்.

எந்த உணவோடு என்பதில் முதலில் தவறிவிட்டேன். தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம் ஆகியவற்றின் மேல் சிரேனே என்ற உப்புநீர்ப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போடும் ஷோப்ஸ்கா சாலடுடன் பருகியபோது, காய்களின் புளிப்பும் ஒயினின் துவர்ப்பும் மோதி, வாயில் இரும்பைத் தொட்டது போன்ற கசப்பு நின்றது. அந்நாட்டார் சாலடுடன் ரகியா என்னும் பழச்சாராயத்தைப் பருகிவிட்டு, சூடான உணவு வரும்போதுதான் சிவப்பு ஒயினுக்கு மாறுகிறார்கள். அந்த வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பது அப்போதுதான் விளங்கியது.

கவர்மா வந்ததும் எல்லாம் மாறியது. பன்றி இறைச்சியை வெங்காயம், குடைமிளகாய், காளான், சிவப்பு மிளகாய்த்தூள் ஆகியவற்றோடு சிறு மண்சட்டியில் மூடி, நெடுநேரம் அடுப்பில் வேகவைக்கும் உணவு அது. மூடியைத் திறந்தபோது ஓரங்களில் சாறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே சிவந்த கொழுப்பு மிதந்தது. ஒரு வாய் இறைச்சிக்குப் பின் ஒரு மிடறு ஒயின் பருகியபோது, கொழுப்பு துவர்ப்பைத் தணித்தது; ஒயினின் புளிப்பு கொழுப்பின் திகட்டலை வழித்துக்கொண்டு போனது. வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு, சற்றுமுன் பின்வாங்கியிருந்த முசுக்கொட்டைச் சுவையை மீண்டும் மேலே கொண்டுவந்தது. இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள ஒயின்களிலும் இத்தகைய இணக்கத்தை நான் அடிக்கடி கண்டதில்லை.

கொத்திறைச்சியை நீள உருளையாகப் பிடித்துக் கரியில் சுட்ட கெபாப்செயும் நன்றாகப் பொருந்தியது. ஆனால் அதனுடன் வைத்த லியூதெனித்சா என்ற குடைமிளகாய்த் தக்காளி விழுதைக் குறைவாகத் தொட்டுக்கொள்வது நல்லது. பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் சிரேனேயை விட்டுவிட்டு, கெட்டியான மஞ்சள் நிறக் கஷ்கவாலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பாதிப் புட்டியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மாலை எடுத்தேன். துவர்ப்பு தளர்ந்து, மிளகு வாசனை முந்திய நாளைவிடத் தெளிவாக இருந்தது. மீதமிருந்த கவர்மாவைச் சூடாக்கி அதனுடன் முடித்தேன். ஊருக்குப் புறப்படும் முன் அதே அடுக்கிலிருந்து இன்னும் இரண்டு புட்டிகள் வாங்கிக்கொண்டேன்.