எட்டும் எட்டும்: ஜெல்லிக்கோ திட்டமா, ஜப்பான் திட்டமா?

சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் வந்தது, அதில் நிறுத்த நினைத்த கடற்படை மட்டும் வரவே இல்லை. 1919இல் பிரிட்டிஷ் அட்மிரல் ஜெல்லிக்கோ கிழக்குக்கென்றே 8 போர்க்கப்பல், 8 போர் குரூசர் (கவசம் குறைவு, வேகம் அதிகமான பெரிய போர்க்கப்பல்) கேட்டார்; செலவில் 75 சதவீதம் பிரிட்டனுக்கு, 20 ஆஸ்திரேலியாவுக்கு, மீதி 5 நியூசிலாந்துக்கு. முதல் உலகப் போரில் கஜானாவைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த லண்டனிடம் இதைக் கேட்டால் என்ன நடக்கும்? கோப்பு மூடப்பட்டது, அவ்வளவுதான்.

ஜப்பானும் அதே எட்டு, எட்டு கணக்குதான் போட்டது, ஆனால் அங்கே 1920இல் நாடாளுமன்றமே பணம் ஒதுக்கி, கப்பல் கட்டும் வேலையும் மும்முரமாக நடந்தது. நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்ட 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் வந்து நிறுத்தியபோது நாகாட்டோ, முட்சு என்ற இரண்டு போர்க்கப்பல்களும் தயார். அப்புறம் பாதியில் நின்ற அகாகி, காகாவை விமானந்தாங்கிகளாக மாற்றினார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கப் போனவற்றில் இவையும் உண்டு.

அதே மாதம் சிங்கப்பூருக்கு பிரிட்டன் அனுப்ப முடிந்த பெரிய கப்பல்கள் இரண்டே இரண்டு, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும். மலாயாவின் குவாந்தான் அருகே 10ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன.

என்னைக் கேட்டால், இரண்டுமே வரவுக்கு மீறிய ஆசைதான். ஆனாலும் ஜப்பான் திட்டத்தில் சில கப்பல்களாவது மிஞ்சின, ஜெல்லிக்கோ திட்டத்தில் அதுவும் இல்லை.