கென்சானும் கவ்வாத்து மிலாறும்

இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரக் கலையைப் பழகுவோருக்கான ஆரம்பப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கொழும்பிலிருந்து ஹட்டனுக்குக் கூரியரில் வந்தது; ஐயாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே கென்சான், கத்தரி, கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. காசுக்குப் பெறுமதியானது கென்சான் மட்டும்தான். அதுக்காகவே இந்தப் பெட்டியைத் திட்ட மனம் வரவில்லை.

ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகளை நெருக்கமாக நட்டால் அதுதான் கென்சான். உள்ளங்கை அளவுதான், தூக்கினால் அரைக் கிலோவுக்குக் கிட்ட இருக்கும். காம்பை நேராகக் குத்தி இறக்கிவிட்டு, பிறகுதான் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். முதலிலேயே சாய்த்துக் குத்தினால் நிற்காது. ஆரம் லில்லியின் சதைப்பிடிப்பான காம்பு வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. மரக்கிளை என்றால் அடியைச் சரிவாக வெட்டி, அந்த வெட்டு முனையைக் கொஞ்சம் பிளந்துகொள்ள வேண்டும்.

தட்டு காற்றுக்கே பறக்கிறது. நான் பாவிப்பது காலியான தயிர்ச் சட்டி. வாய் 8 அங்குலம், உயரம் 3. இகெபானாவின் ஒரு பள்ளியான சொகெட்சு முறைக் கணக்குப்படி இரண்டையும் கூட்டி ஒன்றரை மடங்காக்கினால் ஷின் என்ற முதல் கிளையின் நீளம்: பதினாறரை அங்குலம். அதில் முக்கால் இரண்டாவது கிளையான சோஎ, சோஎயில் முக்கால் மூன்றாவதான ஹிகாஎ. நிமிர்ந்த அடிப்படை அமைப்பில் ஷின் 15 பாகை சாயும், சோஎ 45, ஹிகாஎ 75. பள்ளிக்கூடத்தில் பாகைமானியை வெறுத்த எனக்கு இப்போது அதைத் தேடி எடுப்பது ஒரு சந்தோஷம்.

ஷின்னுக்கு எங்கும் போகத் தேவையில்லை. கவ்வாத்து (தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டுவது) முடிந்த மலையில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள், குவிந்து கிடக்கிறது, பாசி படர்ந்து, கோணலாக. அடுப்புக்கு என்று அம்மா கட்டிவைத்த கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். தேயிலையும் ஜப்பானியர் விரும்பி வைக்கும் கமேலியாவும் ஒரே பேரினம்தானே! ஹிகாஎக்கு ஒரேயொரு ஆரம் லில்லி.

“இவ்வளவு பூவு இருக்கையில ஒன்ன மட்டுமா வைப்ப? சாமி படத்துக்காச்சும் மிச்சத்தப் போடு” என்றார் அம்மா. போட்டேன். ஆனால் சட்டியைத் தாண்டும்போதெல்லாம் அவரும் ஒருமுறை நின்று பார்க்கிறார்.

கத்தரியைப் பற்றி என்ன சொல்ல? மிலாறைக் கண்டதும் வாய் பிளந்துவிட்டது. மாமாவின் கவ்வாத்துக் கத்திதான் கைகொடுத்தது. பூக்காம்புக்கு மட்டும் அந்தக் கத்தரி போதும். காம்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே வெட்டுங்கள். காற்று உள்ளே ஏறாது, பூ சீக்கிரம் வாடாது. ஹைட்ரேஞ்சியா அப்படியும் தலை தொங்கும். வெட்டுவாயில் படிகாரப் பொடியைத் தேய்த்தால் தாங்கும்.

இரண்டு குறைகள். கென்சானுக்கு அடியில் போடும் ரப்பர் வளையம் தரவில்லை, சட்டியில் வழுக்கியது. சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டேன். வளைந்த ஊசியை நிமிர்த்தும் கருவியும் இல்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

பெட்டியாக வாங்காதீர்கள். கென்சானைத் தனியாக, 7 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் எடுங்கள். அதைவிடச் சின்னது மிலாறு பாரத்துக்குக் குப்புற விழும். அடியில் ஈயம் என்பதால் தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.