ஐ-மோடு, ஜெ-ஸ்கை, ஈஸிவெப்: கைப்பேசி மெயிலில் யார் கெட்டி?

கைப்பேசியில் இணையம் வந்த கதையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஐ-மோடில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 1999 பிப்ரவரி 22-ல் டொகோமோ என்ற கைப்பேசி நிறுவனம் அந்தச் சேவையைத் தொடங்கியது, ஒன்றரை வருஷத்தில் ஒரு கோடி பேர் சேர்ந்துவிட்டார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அங்கே இன்னும் இரண்டு பேர் களத்தில் இருந்தார்கள். ஒன்று ஜெ-ஃபோன், அதன் சேவைக்கு ஜெ-ஸ்கை என்று பெயர். இன்னொன்று, பின்னாளில் ஏயூ என்ற பெயரில் ஒன்றான நிறுவனங்கள் நடத்திய ஈஸிவெப். ஜனங்கள் நாள் முழுக்கப் பயன்படுத்தியது மெயிலைத்தான், அந்த மெயிலை வைத்து அளந்தால் ஜெ-ஃபோன்தான் முதலிடம் என்பது என் கட்சி.

மெயிலை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அங்கே எஸ்எம்எஸ் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகவே போகாது. அந்தக் கதவு திறந்ததே 2011 ஜூலையில்தான். டொகோமோ வைத்திருக்கும் பையன் ஜெ-ஃபோன் வைத்திருக்கும் தோழிக்கு இரண்டு வரி அனுப்ப வேண்டுமென்றால் ஒரே வழி இணைய மெயில். ஐரோப்பாவில் எஸ்எம்எஸ் செய்த வேலையை ஜப்பானில் @ குறியுள்ள முகவரிதான் செய்தது.

இந்த வேலையில் முதலில் இறங்கியது ஜெ-ஃபோன். 1997-லேயே ஸ்கைவாக்கர் என்ற பெயரில் கைப்பேசிக்கு மெயில் கொண்டுவந்துவிட்டது, ஐ-மோடு வருவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னால். சின்னச் செய்திக்கு ஸ்கை மெயில், அதில் ஜப்பானிய எழுத்து 64 தான் கொள்ளும். நீளமாக எழுத லாங் மெயில், அதில் 3,000 எழுத்து வரை. ஐ-மோடு மெயிலுக்கோ ஆரம்பத்தில் 250 எழுத்துதான் எல்லை. அதற்கு மேல் யாராவது எழுதினால் மிச்சம் வராது, வாக்கியம் பாதியில் நிற்கும். அலுவலகக் கணினியிலிருந்து ஒருத்தர் விலாவாரியாக எழுதிய மெயில் கையில் வந்து சேரும்போது வணக்கமும் விசாரிப்பும் மட்டும் இருந்தால் என்ன பிரயோஜனம்? அந்த ஊரில் மெயிலின் தொடக்க மரியாதை வரிகளே நீளமாக இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-மோடின் இன்னொரு ஓட்டை முகவரி. புதுசாகச் சேர்ந்தவருக்கு அவருடைய போன் நம்பரையே மெயில் முகவரியாகக் கொடுத்தார்கள். நினைவில் வைக்கச் சுலபம்தான், ஆனால் 090 என்று தொடங்கி வரிசையாக எண்களைப் போட்டால் யாரோ ஒருத்தருக்குப் போய்ச் சேரும் என்பது விளம்பர மெயில் அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா? குப்பை மெயில் கொட்ட ஆரம்பித்தது, அதை வாங்குகிறவரே டேட்டாவுக்கான காசும் கொடுக்க வேண்டியிருந்தது. 2001-ல்தான் புது வாடிக்கையாளர்களுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த விஷயத்தில் டொகோமோவுக்கு என்னால் சலுகை காட்ட முடியவில்லை. தானாக வந்து விழுகிற மெயிலுக்கு, பெறுகிறவரிடம் காசு வாங்கும்போது இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது படம். 2000 நவம்பரில் ஜெ-ஃபோன், ஷார்ப் தயாரித்த ஜெ-எஸ்எச்04 போனை விட்டது. பின்பக்கம் 1.1 லட்சம் பிக்சல் கேமரா, அதை ஒட்டி ஒரு குட்டிக் கண்ணாடி. போனைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கலாம், 256 நிறத் திரையில் பார்க்கலாம், அப்படியே லாங் மெயிலில் சேர்த்து அனுப்பிவிடலாம். இதைத்தான் ஷா-மெயில் என்று பெயர் வைத்து விற்றார்கள், அந்தப் பெயரே ஜப்பானில் போன் படத்துக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. டொகோமோ இதற்குப் பதிலாக ஐ-ஷாட்டைக் கொண்டுவந்தது 2002 ஜூனில். அதிலும் ஐ-மோடு போனுக்கு அனுப்பினால் படம் நேராகப் போகாது. சர்வரில் ஏறும், எதிராளிக்கு ஒரு லிங்க் போகும், அவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். படம் மெயிலோடு கையில் வருவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எமோஜியில் மூன்று பேருமே சறுக்கினார்கள். டொகோமோவின் 176 எமோஜிகள், 12-க்கு 12 புள்ளியில் ஷிகெடகா குரிடா வடிவமைத்தவை, இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் ஜெ-ஃபோனிடம் 1997-லேயே 90 எமோஜி கொண்ட போன் இருந்தது, அது அதிகம் பேருக்குத் தெரியாது. ஆளுக்கொரு குறியீட்டு எண் வைத்துக்கொண்டதால் இதயம் போட்டு அனுப்பினால் அடுத்த கம்பெனி போனில் இரண்டு தடித்த கோடுதான் தெரியும். இது சரியாகப் பல வருஷம் பிடித்தது.

சரி, வலைப்பக்கத்துக்கு வருவோம். இங்கே ஐ-மோடை அடிக்க ஆளில்லை. அதன் சிஎச்டிஎம்எல், வலைப்பக்கம் எழுதும் வழக்கமான எச்டிஎம்எல் (HTML) மொழியைச் சுருக்கியதுதான். கணினியில் சொந்தப் பக்கம் எழுதத் தெரிந்த எந்த மாணவரும் அன்றைக்கே ஐ-மோடுக்கும் ஒரு பக்கம் எழுதிச் சொந்த சர்வரில் போட்டுவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதிகாரப்பூர்வ மெனுவில் இடம் பிடித்தால் இன்னும் நல்லது: மாசம் 100, 300 யென் சந்தாவை டொகோமோவே போன் பில்லில் வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடும். ரிங்டோன், ஜாதகம், கார்ட்டூன் படம் விற்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஈஸிவெப் எடுத்துக்கொண்டது HTML அல்ல, அது மாதிரியே காதில் விழும், ஆனால் முற்றிலும் வேறான HDML என்ற கைப்பேசி மொழி. ஹேண்ட்ஹெல்டுக்கென்றே அமெரிக்காவின் அன்வயர்டு பிளானெட் உருவாக்கியது. ஒரு கட்டுக்குள் பல அட்டைகளை (ஒரு அட்டை என்றால் ஒரு சின்னத் திரைப்பக்கம்) ஒரே தடவையில் இறக்கிவிடும், அட்டைக்கு அட்டை தாவும்போது மறுபடி நெட்வொர்க்கைத் தொட வேண்டாம். மெதுவான இணைப்புக்கு நல்ல யோசனைதான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் தளம் நடத்துகிறவர் எல்லாவற்றையும் புதுசாக எழுத வேண்டும் என்பதால் பக்கங்கள் குறைவாகவே வந்தன. வேகத்தில் பார்த்தால் ஈஸிவெப்பிடம் 2000 ஜனவரியிலிருந்து 64 கேபிபிஎஸ் டேட்டா இணைப்பு இருந்தது, ஐ-மோடோ 9,600 பிட்டில், அதாவது 9.6 கேபிபிஎஸ்-ல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் கூட்டம் ஐ-மோடு பக்கம்தான்.

கடைசியாகக் காசு. ஐ-மோடில் 128 பைட்டுக்கு 0.3 யென், மாசக் கட்டணம் 300 யென் தனி. எழுத்து மட்டும் போகும்வரை இது சல்லிசு, நிமிஷக் கணக்கில் வசூலித்த வாப் (WAP) என்ற ஐரோப்பியக் கைப்பேசி இணையத்தோடு ஒப்பிட்டால் ரொம்பவே நியாயம். ஆனால் ஒரு மெகாபைட் என்று கணக்குப் போட்டால் 2,400 யென்னைத் தாண்டும், அதனால் படமும் பாட்டும் வந்த பிறகு பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வந்திருந்தால் ஆச்சரியமில்லை. இதை முதலில் உடைத்தது ஏயூ. 2003 நவம்பரில் மாசம் 4,200 யென்னுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் என்று அறிவித்தது, டொகோமோ 2004 ஜூனில்தான் பின்னால் வந்தது. ஜெ-ஃபோன் அதற்குள் வோடஃபோன் ஆகியிருந்தது, 2006-ல் சாஃப்ட்பேங்க் கைக்குப் போனது. ஷா-மெயிலைக் கண்டுபிடித்தவர்களே கட்டணத்திலும் முந்தியிருந்தால் அந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது அங்கேயே இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.