கர்ப்பப்பை இறக்கம்: வலையா, சொந்த இழையமா?

"வலை வைச்சா நல்ல பலமா நிக்குமாம், பிள்ளை. பேந்தேன் நீ யோசிக்கிறாய்?" என்று கர்ப்பப்பை இறங்கிச் சத்திரசிகிச்சை செய்யவிருக்கும் பெரியம்மா கேட்டபோது, முற்றத்தில் கிடந்த பழைய நைலோன் வலைத்துண்டை எடுத்து இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தேன். சதுரக் கண்கள் ஒடுங்கிக் கோடுகளாகின. ஒரு நூலும் அறவில்லை. பெரியம்மா குருநகரில் வலைகளுக்கு நடுவே வளர்ந்தவ, மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை.

கர்ப்பப்பையைக் கீழிருந்து ஏந்தும் இடுப்புத்தளத்தைத் தாங்க வைக்கும் பொலிபுரோப்பிலீன் (ஒருவகைப் பிளாஸ்திக்) வலையிலும் நடப்பது இதுதான். கண்களுக்கூடாக நம் இழையம் வளர்ந்து வலையைப் பிணைக்க வேண்டும். ஒரு பக்கமாக இழுபட்டுக் கண் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே ஒடுங்கினால், பக்கத்துப் பக்கத்து நூல்களின் தழும்புகள் ஒன்றாகி இறுகிய தகடாகிவிடும். வலியும் சுருக்கமும் அங்கேதான் தொடங்குகின்றன. இன்னொன்று விறைப்பு. வலையே சுமையெல்லாம் எடுத்துக்கொண்டால் வேலையில்லாத யோனிச்சுவர் மெலிகிறது. விறைப்பான வலை வைத்த குரங்குகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். மெலிந்த சுவரை நூல் அரித்து வெளியே வரும். ஆகவே "எவ்வளவு பாரம் தாங்கும்" என்று கேட்டால் போதாது, "இழையத்தோடு சேர்ந்து நீளுமா" என்று கேட்க வேண்டும்.

வலைகளுக்குள்ளும் வித்தியாசம் பெரிது. பழையவை சில சதுர மீற்றருக்கு 90 கிராமைத் தாண்டும், புதியவை 20 கிராமளவுக்கு இறங்கியுள்ளன. மெல்லியது மென்மையாக வளையும். பிவிடிஎஃப் என்ற இன்னொரு பிளாஸ்திக் நூல் பொலிபுரோப்பிலீனைவிட ஒட்சியேற்றத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனாலும் பின்னல் பிழையானால் நூலின் நற்குணம் உதவாது. விரித்த பிடிஎஃப்இ (டெஃப்லோன்) தகட்டை நான் ஒதுக்கிவிடுவேன்: அதன் நுண்துளைகளுக்குள் பக்ரீரியா நுழையும், அதை விழுங்க வரும் பெருங்கலம் என்ற நோயெதிர்ப்புக் கலம் நுழையாது. பன்றித்தோல் போன்ற விலங்கு இழையங்களில் சில கரைந்துபோகும், சில உறைகட்டி ஒதுங்கிக் கிடக்கும். நம்பகமில்லை.

தொடையிலிருந்தோ வயிற்றுச்சுவரிலிருந்தோ எடுக்கும், தசையைப் போர்த்தியிருக்கும் சொந்த நார்ப்படலம் உடலுக்கு அந்நியமல்ல. எடுத்த இடத்தில் இன்னொரு காயம் என்பதுதான் விலை.

சொந்த இழையத்தையே தைப்பதில் பிரச்சினை, ஏற்கெனவே தளர்ந்த இழையம் திரும்ப இறங்கலாம் என்பது. ஆனால் 2017இல் வெளியான பிரித்தானியாவின் ப்ரொஸ்பெக்ட் ஆய்வில், முதற்தடவை யோனிச்சுவர்த் திருத்தத்துக்கு வலை சேர்த்ததால் மேலதிக நன்மை தெரியவில்லை. அமெரிக்காவில் இறக்கத்துக்கு யோனிவழியாக வைக்கும் வலையின் விற்பனையை 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னார்கள். வயிற்றுவழியாக, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்போடு கட்டும் வலை வேறு கதை. அது இன்றும் பாவனையில் உண்டு, திரும்ப இறங்கியவர்களுக்கு நான் அதைத் தள்ளமாட்டேன்.

பெரியம்மாவுக்கு இது முதற்தடவை. தையலே என் தெரிவு. ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொன்னேன்: தானாகக் கரையும் தையல்நூல்களில் விக்ரில் நாலு வாரத்தில் பலத்தின் பெரும்பங்கை இழந்துவிடும், பிடிஎஸ் அதைவிட நீண்டநாள் நிற்கும். எந்த நூல் என்று வைத்தியரிடம் கேளுங்கோ. எதுவானாலும் தழும்பு நன்றாகப் பலப்படும்வரை, மூன்று மாதம், கிணற்று வாளியைத் தொடக்கூடாது. தண்ணி நான் அள்ளித் தாறன்.