மூலைக்குக் கொடுத்த 22,000 ரூபாய்

போன சனிக்கிழமை மெக்கானிக் வந்து, எங்கள் சமையலறை மூலையிலிருந்து இரண்டு கம்பித் தட்டுகளையும் கோணலாகிப் போன ஒரு தண்டையும் கழற்றி ஹாலில் வைத்துவிட்டுப் போனார். கழற்றுவதற்கு மட்டும் கூலி 800 ரூபாய். அன்று சாயங்காலமே சித்தி மகள் கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டதாம், மாடுலர் கிச்சனுக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறாளாம். "அக்கா, கார்னர் யூனிட் போடலாமா? உங்க வீட்டுல சூப்பரா சுத்துமே" என்றாள்.

மூலை அலமாரிக்குள் இருக்கும் கம்பித் தட்டுகள், கதவை இழுத்தால் சுழன்று வெளியே வரும்; அதுதான் கார்னர் யூனிட். சுத்தியதுதான். அவள் பார்த்தது 2018இல், எங்கள் கிரகப்பிரவேசத்தன்று.

போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

பிளைவுட், லேமினேட், கிரானைட்டா குவார்ட்ஸா என்பதெல்லாம் அவளுக்கு இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும். எங்களுடையது எல் வடிவம். சிங்க் அடியில் மட்டும் தண்ணீர் தாங்கும் மரைன் பிளை (710 முத்திரை போட்டது), மற்ற இடமெல்லாம் சாதாரண பிளை. ஏழு வருஷத்தில் எதுவும் உப்பவில்லை, உரியவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பிரச்சினை அந்த மூலை.

எல் வடிவத்தில் இரண்டு பக்கத்து அலமாரியும் சேரும் இடத்தில் ஒரு குகை உருவாகும். இரண்டு பக்கமும் இரண்டடி ஆழம். கதவைத் திறந்தால் பாதிதான் தெரியும், மீதி பக்கவாட்டில் இருட்டுக்குள் ஓடும். கம்பெனியிலிருந்து வந்த டிசைனர் பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "இது டெட் ஸ்பேஸ் மேடம், வேஸ்ட் பண்ணக் கூடாது" என்றான். வேஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். அவன் காட்டிய வீடியோவில் ஒரு பெண் சுண்டுவிரலால் கதவை இழுக்கிறாள், இரண்டு தட்டும் வளைந்து நெளிந்து வெளியே வருகின்றன. மேல் தட்டில் நான்கு எண்ணெய் பாட்டில், கீழ்த் தட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அவ்வளவுதான் அந்த வீட்டுச் சாமான். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் மூலையில் ஏறியவை: இட்லிக் குண்டான், வெண்கலப் பானை, பித்தளை உருளி, பத்து லிட்டர் குக்கர், அதன் மேல் தோசைக்கல் இரண்டு. ஒரு தட்டு 25 கிலோ தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. நான் எடை போட்டு வைக்கவில்லை. யார்தான் வைப்பார்கள்?

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டினேன். இரண்டாவது வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்கு உரலை எடுக்கலாம் என்று இழுத்தால் தட்டு பாதி வந்து நின்றுவிட்டது. தள்ளினால் உள்ளே போகவில்லை, இழுத்தால் வெளியே வரவில்லை. கதவு பாதி திறந்தபடி, அடுப்புக்கும் எனக்கும் நடுவில் குறுக்கே நிற்கிறது. தரையில் குப்புறப் படுத்து செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். ஒரு சின்ன சம்படத்தின் மூடி. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து, சக்கரம் ஓடும் இடத்தில் செங்குத்தாகச் செருகிக்கொண்டிருக்கிறது. கை போகாது. தோள்பட்டை கதவு நிலையில் இடிக்கிறது. கிடுக்கியை ஒட்டடைக் குச்சியில் கட்டி, அரை மணி நேரம் மீன் பிடிப்பதுபோல் துழாவி, கடைசியில் என் மகள்தான் மெலிந்த கையை விட்டு எடுத்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. இப்போது அவள் கையும் போகாது.

இது ஒருமுறை நடந்த கதை இல்லை. மாதம் ஒருமுறையாவது ஏதாவது விழும். கரண்டி, டவரா, தேங்காய்த் துருவியின் பிடி. தட்டின் விளிம்பில் இருக்கும் கம்பி இரண்டு அங்குல உயரம். தட்டு வளைந்து திரும்பும்போது மேலே இருப்பது ஒரு ஆட்டம் ஆடும், உயரமாக அடுக்கியிருந்தால் மேலே இருப்பது பின்பக்கம் சாயும். சாய்ந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்த 'டங்' சத்தத்தை ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் எடுத்துவைக்கும்போது கேட்டால்தான் என் கோபம் புரியும்.

நாலாவது வருஷத்துக்கு மேல் கீழ்த் தட்டு தொங்க ஆரம்பித்தது. அலமாரியின் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டே வரும். லேமினேட்டில் வில் மாதிரி ஒரு கீறல் விழுந்திருக்கிறது. வாரண்டி பத்து வருஷம் என்றார்களே என்று கம்பெனிக்குப் போன் போட்டால், பலகைக்குத்தான் பத்து வருஷம், தட்டு, தண்டு போன்ற ஹார்டுவேருக்கு இரண்டே வருஷம்தானாம். தண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றேன். கிடைக்காது, செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதே மாதிரி செட் இப்போது ஆன்லைனில் 13,000க்குக் கிடைக்கிறது. நான் கொடுத்தது 22,000. விலை ஏறியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

வந்த மெக்கானிக் நல்ல மனிதர். தண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குண்டானையும் உருளியையும் பார்த்தார். "அக்கா, இது பாத்திரம் வைக்கிற மூலையே இல்ல. பிளாஸ்டிக் டப்பா வைக்கிற மூலை." இதை ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த லேப்டாப் பையன் ஓசியிலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இதே கிச்சனில் டிராயர்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். கம்பிக் கூடை வேண்டாம், டேண்டம் என்கிற, பக்கம் அடைத்த டிராயர்தான் வேண்டும் என்று அன்று நான் பிடித்த பிடிவாதம்தான், இந்த வீட்டில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு. கம்பிக் கூடையில் ஸ்பூன் காம்பு சந்து வழியே இறங்கி அடுத்த டிராயரைத் திறக்க விடாது, மிளகு சிந்தினால் மூன்று மாடி இறங்கும். இதில் அதெல்லாம் இல்லை. முழுசாக வெளியே வரும், கடைசி டப்பாவும் கண்ணுக்கு நேரே இருக்கும். பருப்பு டப்பாக்களுக்கு மூடியின் மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். குனிந்து பார்த்தால் துவரை, உளுந்து, பாசி, கடலை எல்லாம் வகுப்பறையில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் நிற்கும். உளுந்து தீர்ந்துபோனது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஊறப்போடும்போதுதான் தெரியவரும் என்ற கதை எங்கள் வீட்டில் ஒழிந்தது. கை நிறைய மாவு இருந்தாலும் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், தானாக மெல்லப் போய் மூடிக்கொள்ளும். ஏழு வருஷம் ஆகியும் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.

அரிசி டிராயர் தனிக் கதை. 25 கிலோ சிப்பம் அப்படியே கொட்டும் அளவுக்குச் செய்து வாங்கினோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது, அந்த வரியில் சிக்காமல் இருக்கச் சிப்பமெல்லாம் 26 கிலோ ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ அரிசி பையிலேயே மிச்சம் நின்று, அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், வண்டு வந்த பிறகு கிடைக்கும். இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. சொல்லலாம் என்று தோன்றுகிறது, ஆனால் முடியாது.

இவ்வளவு புகழ்ந்த டிராயரிலும் ஒரு குறை இருக்கிறது. மாசி, பங்குனி வந்தால் எங்கள் வீட்டில் வருஷ சாமான் வாங்குவோம். புதுப் புளி பத்து கிலோ, மிளகாய், மல்லி, துவரம்பருப்பு. புளியைக் கொட்டை எடுத்து, ஒரு வெயில் காட்டி, கல் உப்பைத் தூவித் தூவி ஜாடியில் அமுக்கி வைப்பார் அத்தை. துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்து எடுத்துவைப்பார். அடுத்து மாவடு. சித்திரையில் வடகம், மோர் மிளகாய். இந்தக் கிச்சனை வரைந்தவர் மாதாமாதம் மளிகை வாங்குகிறவர்களை மனதில் வைத்து வரைந்திருக்கிறார். அத்தையின் ஜாடி, மேலே காப்பிக் கலரும் கீழே வெள்ளையுமாக, மூடியோடு 14 அங்குலம். என் பெரிய டிராயரின் உள்உயரம் 11. பழைய வீட்டில் கடப்பாக்கல் அலமாரி இருந்தது, கதவே கிடையாது, ஜாடி, பானை, முறம், முக்காலி எது வந்தாலும் இடம் கொடுக்கும். இங்கே ஆறு வருஷமாக ஜாடிகள் டைனிங் டேபிளுக்கு அடியில் இருந்தன. சாப்பிட உட்காருகிறவர்கள் காலால் புளியைத் தொட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், "இத்தனை கதவு இருக்கே, ஒண்ணுகூட எனக்குத் திறக்கலையேம்மா" என்றார்.

கல் உப்பு டப்பாவை மட்டும் அடுப்புப் பக்க அலமாரிக்குள் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கசிந்து, அந்தக் கதவின் கீல் இரண்டும் துருப்பிடித்துவிட்டன. மற்ற கீல்கள் புதுசு மாதிரி இருக்கின்றன. உப்பைக் கீல் பக்கம் வைக்காதே, அவ்வளவுதான் அதில் பாடம். மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் ஒரு பூசண வாடை வரும், வாரம் ஒருநாள் எல்லாக் கதவையும் ஒரு மணி நேரம் திறந்துபோட்டால் போகும்.

இப்போது தங்கச்சிக்குப் பதில். அந்த மூலையின் பின்பக்கம் உனக்கு வாஷிங் ஏரியா வருகிறதா பார். வந்தால் கொத்தனாரிடம் சொல்லி மூலையை அந்தப் பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிடு, உள்ளே ஒரு கடப்பாக்கல் பதித்துவிட்டால் பழைய பேப்பர், துடைப்பம், கோலமாவு எல்லாம் போகும். வராவிட்டால் வெறும் குகையாக விடு. சுத்துகிற எதையும் வாங்காதே. அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு டிராயர் போடு. ஒரு டிராயரின் உள்உயரத்தை உன் வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஜாடியை அளந்து, இரண்டு அங்குலம் சேர்த்துச் சொல். ஜாடியை அளக்காமல் கையெழுத்துப் போடாதே.

மொத்தத்தில் இந்தக் கிச்சனுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு. எழுதியதைப் படித்த என் வீட்டுக்காரர், "டிராயருக்கு அவ்வளவு பாட்டுப் பாடிட்டு நாலுதானா?" என்றார். டிராயருக்கு மட்டும் என்றால் ஒன்பது தருவேன். ஆனால் குப்புறப் படுத்துச் சம்படத்து மூடியைத் தேடியது அவர் இல்லையே. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் சேர்த்துத்தான் நாலு.

மெக்கானிக் போன மறுநாள் காலை காந்தி மார்க்கெட்டில் நல்ல உருண்டை வடு கிடைத்தது, மூன்று கிலோ. ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, அரைக் கிலோ கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு அத்தை ஜாடியை நிரப்பினார். வேடு கட்டிவிட்டு, எங்கேயம்மா வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டு கழன்ற மூலை காலியாகக் கிடந்தது. வெயில் படாது, அடுப்புச் சூடு வராது, கால் இடறாது. ஜாடியைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த இடம் இத்தனை நாள் எங்கே போச்சு?" என்று கேட்டார். புளி ஜாடியும் அன்று மத்தியானமே டேபிளுக்கு அடியிலிருந்து இடம்பெயர்ந்தது.

அந்த இருட்டு முதல் நாளே அங்கே இருந்தது, ஓசியில். நான் அதை 22,000 கொடுத்து ஏழு வருஷம் அடைத்து வைத்திருந்தேன்.

தட்டுகளையும் தண்டையும் பழைய போர்வையில் சுற்றி லாஃப்டில் போட்டாயிற்று. இரும்புக்கடைக்காரர் கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார், அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் மண்டியிட்டு ஜாடியை இழுத்து, ஒரு குலுக்குக் குலுக்கி உள்ளே தள்ளுகிறேன். இன்று நாலாம் நாள். தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது, வடு இன்னும் முழுசாகச் சுருங்கவில்லை. மிளகாயும் கடுகும் அரைத்துப் போடுவது நாளைக்கா, நாளன்றைக்கா என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும்.