அர்ஜெண்டோவின் இரண்டு ஜாலோக்கள்: எதில் ஆட்டம் நேர்மை?

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோவின் ஜாலோ படங்களில் (கொலையும் மர்மமும் கலந்த இத்தாலிய த்ரில்லர் வகை) எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், என் கணக்கில் போட்டி இரண்டுக்குள்தான்: 1970இல் வந்த அவரது முதல் படம் ‘தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ்’, 1975இல் வந்த ‘டீப் ரெட்’. இரண்டிலும் முடிச்சு ஒன்றே. வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஒரு கொடூரத்தைக் கண்ணால் பார்க்கிறான். பார்த்ததில் ஏதோ இடிக்கிறது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

முதல் படத்தில் அவன் ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன். ராத்திரி நேரம், கலைக்கூடத்துக்குள் கத்தியோடு மல்லுக்கட்டு. காப்பாற்ற ஓடியவன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறான். உள்ளே ஒரு பெண் ரத்தத்தோடு தரையில் ஊர்கிறாள். இவனால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. தொடக்கக் காட்சி என்று பார்த்தால் ‘டீப் ரெட்’ இதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் துப்பறியும் கதைக்கு விடை முக்கியமாச்சே. அந்தக் காட்சியை நாயகனின் நினைவாகத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் முதல் படம் விடைக்கு வருகிறது. ‘டீப் ரெட்’டுக்குத் துணிச்சல் அதிகம். இதில் ஜாஸ் பியானோக்காரன் மார்கஸ், கொலை நடந்த வீட்டுக்குள் ஓடுகிறான்; இருபுறமும் ஓவியங்கள் தொங்கும் நடை. விடை அந்த ஷாட்டிலேயே இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை, நாம்தான் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். படம் முடிந்ததும் பின்னால் ஓட்டிப் பாருங்கள், வயிறு எரியும். (கையுறை போட்ட கொலைகாரக் கைகள் அர்ஜெண்டோவுடையவையே. மனுஷனுக்கு அவ்வளவு ஆசை!)

இசையில் என் ஓட்டு ‘டீப் ரெட்’டுக்கு இசையமைத்த ராக் குழு கோப்ளினுக்கு. முதல் படத்தின் இசையமைப்பாளர் மொரிகோனே தாலாட்டு மாதிரி முனகி பயமுறுத்துகிறார், அருமைதான். ஆனால் கோப்ளினின் ராக் இசை கொலைக்கு முன்பே நம் நாடியைப் பிடித்துவிடுகிறது.

‘டீப் ரெட்’ நீளம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. பத்திரிகையாளர் ஜியான்னாவின் குட்டி ஃபியட்டில் மார்கஸின் இருக்கை மட்டும் பள்ளத்தில் கிடக்கும். அவள் தோளுக்குக் கீழே உட்கார்ந்து அவன் வீராப்பு பேசுவான். கை மடக்கும் போட்டியிலும் தோற்பான். கொலைகளுக்கு நடுவே இந்தக் கேலி தேவையா? எனக்குத் தேவை. இத்தாலிக்கு வெளியே போன பதிப்பில் இதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் இத்தாலியப் பதிப்பையே தேடிப் பிடியுங்கள். அவ்வளவு நேரம் கையில் இல்லாத இரவுக்கு முதல் படம் போதும்.