ஒரே கியூ லிஸ்ட்டா, பலவா? நாடக விளக்கு கன்சோலில் ஓர் அலசல்

இரண்டு மணி நேர நாடகம், நூற்றிருபது கியூ, அதாவது கன்சோல் என்ற விளக்குக் கட்டுப்பாட்டு மேசையில் முன்கூட்டியே பதிந்த நூற்றிருபது விளக்கு மாற்றங்கள், எல்லாம் ஒரே லிஸ்ட்டில். ஸ்டேஜ் மேனேஜர் "41, கோ" என்றதும் ஒரே பட்டனை அழுத்தினால் போதும். இந்தச் சுகத்தை விட்டு ஒருவர் இரண்டாவது லிஸ்ட்டுக்குப் போவானேன்?

"மழை எஃபெக்ட் பதினைந்து கியூவுக்குத் தொடர்ந்து ஓட வேண்டும்" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் காரணம். அது சொத்தைக் காரணம். ஈடிசி நிறுவனத்தின் ஈயோஸ் போன்ற டிராக்கிங் கன்சோலில், அதாவது ஒரு கியூ வைத்ததைப் பின்னொன்று மாற்றும்வரை அப்படியே தொடரவிடும் கன்சோலில், 40ஆம் கியூவில் கிளப்பிவிட்ட எஃபெக்ட், வேறொரு கியூ நிறுத்தச் சொல்லும்வரை தன்பாட்டுக்கு ஓடும். ஒரே காட்சிக்குள் சில விளக்குகள் மெதுவாகவும் சில வேகமாகவும் மாறவேண்டுமா? கியூவைப் பார்ட்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் கொடுக்கலாம். ஒன்றையடுத்து மற்றது தானாகப் போக, கியூ தொடங்கியதிலிருந்து நேரம் எண்ணும் ஃபாலோவும் முடிந்ததிலிருந்து எண்ணும் ஹேங்கும் இருக்கின்றன. ஒற்றை லிஸ்ட் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரன்.

அது திணறுவது மின்னலில். எந்த வசனத்தில் மின்னல் வெட்டும் என்பது அன்றைய நடிகரின் மூச்சைப் பொறுத்தது. அதை 41.1, 41.2 என்று நடுவில் செருகினால், அவர் இரண்டு வரியை விழுங்கிய அன்றைக்கு மின்னலும் கதையும் ஒன்றையொன்று இடறிவிடும். இதைத் தனி லிஸ்ட்டாக, 20 என்று வைத்துக்கொள்வோம், வேறு ஃபேடரில் (தள்ளுகட்டையில்) போடுவதே சரி. கதையோடு ஒட்டிய மின்னல் ஒன்றிரண்டு இருந்தால், முதல் லிஸ்ட்டின் கியூவே எக்ஸிக்யூட் என்ற கட்டளை வழியாக 20/1ஐ, அதாவது 20ஆம் லிஸ்ட்டின் முதல் கியூவை, தூண்டிவிடும்.

தொல்லை அதன்பிறகுதான். ஈயோஸில் 20ஆம் லிஸ்ட் ஒரு சேனலை, அதாவது எண் கொடுத்த ஒரு விளக்கை, தொட்டால் அந்தச் சேனல் அதன் கைக்குப் போய்விடும். முதல் லிஸ்ட்டில் அந்தச் சேனல் பழைய அளவிலேயே டிராக் ஆகிக்கொண்டிருந்தால், அடுத்த கோ அதைத் திருப்பி வாங்காது. வாங்க வேண்டுமானால் அந்தக் கியூவில் அசர்ட் (அளவு மாறாவிட்டாலும் திருப்பி வாங்கு என்ற கட்டளை) போட வேண்டும். இன்னொரு பொறி, கியூவைப் பதியும் ரெக்கார்ட் பட்டன். வெறும் ரெக்கார்ட் அழுத்தினால் மேடையில் அப்போது எரியும் முதல் லிஸ்ட்டின் விளக்குகளும் 20க்குள் ஏறிக்கொள்ளும். கையால் வைத்ததை மட்டும் பதிய ரெக்கார்ட் ஒன்லி வேண்டும். நான் ஒருமுறை இதை மறந்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் வரவேற்பறை விளக்கு முழுக்க எரிந்தது. இயக்குநர் அதைக் குறியீடு என்று நினைத்துக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

எம்ஏ லைட்டிங்கின் கிராண்ட்எம்ஏ2 இதே வேலையை வேறு மனநிலையில் செய்கிறது. அங்கே லிஸ்ட்டுக்குப் பெயர் சீக்வென்ஸ். புரொகிராமரில், அதாவது கையால் வைத்தவை தங்கும் இடத்தில், இருப்பது மட்டுமே பதிவாகும் என்பதால் மேற்சொன்ன விபத்து அவ்வளவு எளிதில் நடக்காது. சண்டை வந்தால் யார் பெரியவர் என்பதை சீக்வென்ஸை ஓட்டும் ஒவ்வொரு எக்ஸிக்யூட்டருக்கும் (ஃபேடர் அல்லது பட்டனுக்கும்) முன்னுரிமை கொடுத்துத் தீர்த்துவிடலாம். கச்சேரி மேடையில் பத்து எக்ஸிக்யூட்டரை ஒரே நேரம் ஆட்டுபவருக்கு இது சொர்க்கம். நாடகக்காரருக்கு ஒரு முள்: தன் விளக்குகளையெல்லாம் மற்றவர் பறித்ததும் சீக்வென்ஸ் தானாக அணையும்படி அமைத்திருந்தால், ஓடிக்கொண்டிருப்பதாக நீங்கள் நம்பியது எப்போதோ அணைந்திருக்கும்.

எந்தக் கன்சோலானாலும் பரீட்சை ஒத்திகையில்தான். "30லிருந்து மறுபடி" என்பார்கள். ஒற்றை லிஸ்ட்டில் கோ டு கியூ 30 போதும். டிராக் ஆகி வந்தவை உட்பட அந்தக் காட்சி முழுதாக வந்து நிற்கும். இரண்டு லிஸ்ட் என்றால், 20இல் மட்டும் இருக்கும் விளக்குகளுக்கு நீங்கள் பின்னால் போனது தெரியாது. 30ஆம் கியூவின் வெயிலில் மின்னல் விளக்கு நீலமாக நின்றுகொண்டிருக்கும். அதனால் நான் இப்போதெல்லாம் ஈயோஸில் முதலில் கோ டு கியூ அவுட் கொடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் 30க்குப் போகிறேன்.

வசனம் சார்ந்த நாடகத்துக்கு என் ஓட்டு ஈயோஸும் ஒற்றை லிஸ்ட்டும்தான். நடிகரின் கையில் நேரம் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் இரண்டாவது லிஸ்ட். இசை நாடகத்தில் பாட்டுக்குப் பாட்டு விளக்கு துள்ள வேண்டுமென்றால் கிராண்ட்எம்ஏ2 பக்கம் சாய்வேன். இரண்டாவது லிஸ்ட் எதில் இருந்தாலும் அதன் கியூக்களுக்கு எண் வேண்டாம், "மின்னல் அ", "மின்னல் ஆ" என்று எழுதிக்கொள்ளுங்கள் என ஸ்டேஜ் மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஹெட்செட்டில் "ஒன்று, கோ" என்றால் எந்த ஒன்று என்று கேட்க நேரம் இருக்காது.